ஆட்சேபம் இல்லை

விசாலாக்ஷி மூன்று வருஷமாக ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தாள். மருத்துவக் கல்லூரியிலிருந்து வர வேண்டிய கடிதம். அவள் கணவர் ஸ்வாமிநாதனின் உடலை வைத்து மாணவர்கள் படித்து முடித்தாயிற்று, மிச்சத்தை முறையாக எரித்தாயிற்று, நன்றி என்று மூன்று வரி இருக்கும். 2003 ஜூலையில் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கே ஒரு குமாஸ்தா இதைச் சொல்லியிருந்தார். ஒரு வருஷம் ஆகும், மிஞ்சிப் போனால் இரண்டு என்றார். இப்போது 2006 ஆகஸ்ட் பிறந்துவிட்டது. புனேவில் அவள் இருந்த கசார்வாடிக்குத் தபால்காரர் மின்சார பில் கொண்டுவந்தார், கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார், பக்கத்து வீட்டு ராஜஸ்ரீயின் கடிதங்களைக்கூடத் தவறாமல் இவள் வீட்டில் போட்டார். அந்த ஒன்றை மட்டும் கொண்டுவரவில்லை.

ஸ்வாமிநாதன் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவர். கும்பகோணத்துக்காரர். பூணூலைக் கழற்றிவிட்டுப் புனேவுக்கு வந்தாரா, புனேவுக்கு வந்து கழற்றினாரா என்பது குடும்பத்தில் இன்னும் தீராத வழக்கு. சாமி இல்லை என்பதை அவர் சத்தம் போட்டுச் சொன்னதில்லை. மனுஷனுக்கு மனுஷன்தான் துணை, வேறு ஆள் வரப்போவதில்லை என்று மட்டும் சொல்வார். செத்த உடம்பு நெருப்புக்குப் போவதைவிடப் படிக்கிற பிள்ளைகளுக்குப் போகட்டும் என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் உடல்தான விண்ணப்பங்கள். பிம்பிரியிலிருந்து தளேகாவ் வரை அவர் ஏறாத மாடி இல்லை. முதலில் பிசாசைக் கண்டதுபோல் கதவைச் சாத்தினார்கள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், இங்கே ஊரே நகர்ந்தது. பதினாறு வருஷத்தில் நானூற்றுச் சொச்சம் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தன.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. எட்டு மணிக்கு டாக்டர் வந்து சொன்னார். ஒன்பது மணிக்குக் கண் வங்கியிலிருந்து ஆள் வந்தது. பதினொரு மணிக்குக் கல்லூரி வண்டி வந்து போய்விட்டது. எல்லாம் அவர் எழுதி வைத்திருந்தபடியே, ஒரு நிமிஷம் பிசகாமல் நடந்தது. பதினொன்றே காலுக்கு விசாலாக்ஷிக்குச் செய்ய ஒன்றும் இல்லை. குளிக்க வேண்டுமா, அடுப்பு மூட்டலாமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவார்கள் என்று காத்திருக்கவும் வழியில்லை, யாரும் போகவில்லையே. ராஜஸ்ரீ ஒரு தட்டில் போஹா, அவர்கள் ஊர் அவல் உப்புமா, கொண்டுவந்து வைத்தாள். விசாலாக்ஷி அதைச் சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று நினைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்றைக்கு அவள் அழவில்லை. மறுநாளும் அழவில்லை. பத்தாம் நாள் என்று ஒன்று இல்லாததால் குங்குமத்தை அழி என்று யாரும் வந்து சொல்லவில்லை, அவளும் விடாமல் வைத்துக்கொண்டிருந்தாள். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவள் தைரியத்தைப் புகழ்ந்தார்கள். தைரியமாவது ஒன்றாவது! சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி மனசு கிடந்தது, அவ்வளவுதான். அந்தக் கடிதம் வந்துவிட்டால் உணர்ச்சி வந்துவிடும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கண் வங்கி பதினைந்தாம் நாளே நன்றிக் கடிதம் போட்டுவிட்டது. கல்லூரிதான் போடவில்லை.

மைத்துனர் கிருஷ்ணஸ்வாமி வருஷத்துக்கு ஒரு தரம் நங்கநல்லூரிலிருந்து போன் செய்வார்.

"மன்னி, தகனமே ஆகாம நான் என்னன்னு திதி பண்றது? வாத்தியார் என்னை ஒரு மாதிரி பாக்கறார். அண்ணா இருக்காரா போய்ட்டாரான்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"லெட்டர் வந்ததும் சொல்றேன்" என்பாள் விசாலாக்ஷி. மூன்று போனுக்கும் அதே பதில்தான்.

இந்த நிலையில்தான் ஹரிபிரசாத் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்வாமிநாதனின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளி. புனேத் தமிழர்களில் சாமி பேரைச் சொல்லாமல் ஊருக்கு நல்லது செய்தவர்களைப் பற்றி நண்பர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். அச்சுப் பிரதிகளை மேஜையில் பரப்பினார். கல்குவாரிப் பிள்ளைகளுக்கு மரத்தடியில் இருபது வருஷம் பள்ளிக்கூடம் நடத்திய அமலா டீச்சர் ஒரு பக்கம். வெல்டிங் பட்டறையில் மிஞ்சிய இரும்பை வைத்துக் கால் இல்லாதவர்களுக்கு மூன்று சக்கர வண்டி செய்து கொடுத்த முகமது ரஃபீக் ஒரு பக்கம். குஷ்டரோகிகளின் புண்ணைத் தன் கையால் கழுவிய கம்பவுண்டர் சின்னதுரை ஒரு பக்கம். ஒவ்வொருவர் படத்தின் கீழும் அவரால் இத்தனை பேர் பயன் அடைந்தார்கள் என்று ஒரு வரி.

"சாமிநாதன் சாருக்கு முழுசா ரெண்டு பக்கம் ஒதுக்கியிருக்கோமுங்க" என்றார் ஹரிபிரசாத். "எல்லாம் எழுதியாச்சு. கடைசி வரி ஒண்ணுதான் பாக்கி. அவரு உடம்பை வெச்சு எத்தனை பசங்க படிச்சாங்கன்னு காலேஜுல கேட்டுச் சொல்லிட்டீங்கன்னா, அச்சுக்குக் குடுத்துருவேனுங்க."

விசாலாக்ஷிக்கு அது ஒரு நல்ல சாக்காகப் பட்டது. என் புருஷனை முடித்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டு ஒரு பெண்பிள்ளை எப்படிப் போய் நிற்பாள்? மலருக்குத் தகவல் வேண்டும் என்று கேட்பதில் கூச்சம் இல்லை. மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டாள்.

உடற்கூறு துறை கல்லூரியின் பின்கட்டில் இருந்தது. குமாஸ்தா புதியவர். பெயரைக் கேட்டுவிட்டுப் பெரிய பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. அந்த வரியில் மூன்று கட்டம் காலியாக இருந்ததை விசாலாக்ஷி தலைகீழாகவே பார்த்துவிட்டாள்.

"உடல் எண் நாற்பத்தொன்று" என்றார் அவர் ஹிந்தியில். "இன்னும் எடுக்கவில்லை."

"எடுக்கவில்லை என்றால்?"

குமாஸ்தா எழுந்து உள்ளே போய்த் துறைத் தலைவியிடம் சொல்லிவிட்டு வந்து, அவளை உள்ளே அனுப்பினார்.

துறைத் தலைவிக்கு ஐம்பது வயதிருக்கும், மராட்டிக்காரர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். சுற்றி வளைக்காமல் ஹிந்தியில் சொன்னார். முன்பெல்லாம் வருஷத்துக்கு மூன்று உடல் கிடைத்தாலே அதிகம், அரசு மருத்துவமனையில் அனாதைப் பிணத்துக்குக் கையேந்தி நிற்போம். இப்போது வருஷத்துக்குப் பதினாறு, பதினேழு வருகின்றன. தேவை எட்டுதான். உடல்களைக் கெடாமல் போட்டு வைக்கிற மருந்துத் தண்ணீர்த் தொட்டிகள் நிறைந்துவிட்டன. வரிசைப்படி எடுக்கிறோம், அவர் முறை இன்னும் வரவில்லை.

"எல்லாம் உங்கள் கணவர் செய்த வேலைதான்" என்றார் கடைசியில். புன்னகைக்கப் பார்த்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்.

ஊரையெல்லாம் பந்திக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, தனக்கு இலை இல்லாமல் மூன்று வருஷமாக ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார் ஸ்வாமிநாதன். இது சிரிப்பு வர வேண்டிய இடம் என்று விசாலாக்ஷிக்குத் தெரிந்தது. வரவில்லை. சிரிப்பு இல்லாவிட்டால் அழுகையாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. வெளியே வராந்தாவில் வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் வடா பாவ் தின்றுகொண்டே போனார்கள். இவர்களில் ஒருவருக்குக்கூட அவரைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

"பார்க்கிறீர்களா?" என்று கேட்டார் துறைத் தலைவி.

"வேண்டாம்."

அவர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மராட்வாடா பக்கம் ஒரு புதிய மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கிறார்கள். நூறு மாணவர்கள், ஒரு உடல்கூடக் கிடையாது. பிளாஸ்டிக் பொம்மையையும் சுவர்ப் படத்தையும் பார்த்துப் படிக்கிறார்கள். வியாழக்கிழமை இங்கிருந்து நான்கு உடல்களை அனுப்பப் போகிறார்கள், நாற்பத்தொன்று அதில் ஒன்று. குடும்பத்தின் கையெழுத்து இல்லாமலே அனுப்பலாம்தான். ஆனால் கேட்காமல் அனுப்ப அவருக்கு மனம் இல்லை.

"வேண்டாம், திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று நீங்கள் சொன்னாலும் சரி. வண்டி ஏற்பாடு செய்து தருகிறேன், அது உங்கள் உரிமை. சொல்லுங்கள், உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா?"

விசாலாக்ஷி அந்தத் தாளையே பார்த்தாள்.

அந்தக் கேள்வியை அவள் நன்றாக அறிவாள். ஸ்வாமிநாதன் கூட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் அவர் வாயால் அதைக் கேட்டிருக்கிறாள். எந்த வீட்டிலும் அவர் எடுத்த எடுப்பில் கையெழுத்து வாங்கியதில்லை. வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்வார். சமையலறையில் நிற்கிற மருமகளையும் கூப்பிடச் சொல்வார். விஷயத்தைச் சொல்லி முடித்து, டீயைக் குடித்து, அப்புறம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து மூன்று தரம் கேட்பார், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று. ஒரே ஒருவர், அது கட்டிலில் கிடக்கிற கிழவியாக இருந்தாலும், மனசுக்கு ஒப்பவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். விண்ணப்பத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். உயிரோடு இருக்கிறவர்களை அழவிட்டுச் செத்தவன் தர்மம் பண்ணக் கூடாது என்பது அவர் கட்சி. அப்படிக் கிழித்தது மட்டும் எழுபதுக்கு மேல் இருக்கும். ஹரிபிரசாத்துக்குக்கூட அதில் வருத்தம்தான்.

அத்தனை பேரைக் கேட்டவர், அவளைக் கேட்கவில்லை. அவருடைய சொந்த விண்ணப்பம் கையெழுத்தான நாள் விசாலாக்ஷிக்கு இப்போதுதான், இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான், முழுசாக நினைவு வந்தது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அரிசி டின் மேல் தாளை வைத்து, "விசாலம், இங்க ஒண்ணு போடு, பஸ் போயிடும்" என்றார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டாள். மகள் சுப்ரஜா பல் தேய்த்துக்கொண்டே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அவர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

ஊருக்குத்தான் உபதேசம்.

கோபம் வந்ததா என்றால், கோபம் வர வேண்டிய இடத்தில் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். மரத்த காலில் முதலில் ஊசி குத்துமே, அந்த மாதிரி.

"பெண்ணிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஹரிபிரசாத்துக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அதெல்லாம் மலருல எழுத வேண்டாமுங்க அம்மா. 'இன்றும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்'னு பொதுவாப் போட்டுரலாமுங்க. வியாழக்கிழமை அந்தக் காலேஜுக்குப் போயிட்டாருன்னா அது நெசமாவே ஆயிருமில்லீங்க?"

"திரும்ப எடுத்துண்டு வந்துட்டா?"

"ஐயோ, அப்படி மட்டும் செஞ்சுடாதீங்க! கையெழுத்துப் போட்ட நானூறு குடும்பம் என்ன நெனைக்கும்? அவரு சம்சாரமே எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்னு ஊரே சிரிக்கும். அவரு கட்டுனதை நாமளே இடிச்ச மாதிரி ஆயிருமுங்க. யோசிச்சுச் செய்யுங்க."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம். நூறு பிள்ளைகள் பொம்மையைப் பார்த்துப் படிக்கிறார்கள் என்பதும் பொய் இல்லை. நாளைக்கு அவர்கள் கையில்தான் ஊர் ஜனங்களின் வயிறும் நெஞ்சும் இருக்கப் போகிறது. ஸ்வாமிநாதன் இருந்தால் யோசிக்காமல் போகச் சொல்லியிருப்பார். எல்லாக் கணக்கும் ஒரே பக்கம்தான் விழுந்தது. இன்னொரு பக்கத்தில் விசாலாக்ஷி ஒருத்திதான் நின்றாள், அவளுக்கும் என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை.

சுப்ரஜா ஆட்சேபம் இல்லை என்று சொல்வாள், அதையே பிடித்துக்கொண்டு தானும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு சனிக்கிழமை மகள் இருக்கிற வாகட்டுக்குப் போனாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அப்பா பெண் அவள். இரங்கல் கூட்டத்தில் இங்கிலீஷில் பத்து நிமிஷம் பேசி, என் அப்பா சாகவில்லை, வகுப்பறைக்குப் போயிருக்கிறார் என்று முடித்தபோது கூடமே எழுந்து கை தட்டியது. ஹிஞ்சவாடியில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. அவர் போய் ஆறாம் மாசம், ஷிஃப்ட் ஒத்துவரவில்லை என்று சொல்லி, வாகட்டில் ஒரு அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இரண்டு தோழிகளோடு குடியேறிவிட்டாள். கசார்வாடி என்ன, கூப்பிடு தூரம்தான். ஆனால் வருவது ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம். அதைப் பற்றி விசாலாக்ஷி கேட்டதும் இல்லை.

தோழிகள் வெளியே போயிருந்தார்கள். பால்கனிக்குக் கீழே புதுக் கட்டடம் ஒன்றுக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார்கள். சுப்ரஜா டீ போட்டாள். விசாலாக்ஷி தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆதியோடந்தமாகச் சொன்னாள். தொட்டி நிறைந்த கதையைச் சொன்னாள். நூறு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். ஹரிபிரசாத் சொன்னதையும் விடவில்லை. கேட்கிற பெண் மனசைத் திருப்புகிற மாதிரி ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை சுப்ரஜா டீயைத் தொடவில்லை.

"அவ்வளவுதான்" என்றாள் விசாலாக்ஷி. "வியாழக்கிழமைக்குள்ள சொல்லணும். உனக்கு ஏதாவது ஆட்சேபம் இருக்கா?"

"ஆட்சேபம்னா… அப்ஜெக்ஷன்தானே?"

"ஆமாம்."

சுப்ரஜா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"இருக்கும்மா" என்றாள்.

விசாலாக்ஷிக்குச் சரியாகக் காதில் விழுந்தது.

"எனக்கு இருக்கு" என்றாள் சுப்ரஜா மறுபடியும். அவளுக்குத் தமிழ் எப்போதும் தடுக்கித் தடுக்கித்தான் வரும், இப்போது இன்னும் தடுக்கியது. "ஃபர்ஸ்ட் டேலேர்ந்தே இருக்கு. அந்தக் காலேஜ் ரோட்ல போற பஸ்ல நான் ஏறவே மாட்டேன், தெரியுமா? ஆத்துலேர்ந்து ஆஃபீஸ் போக அது ஒண்ணுதான் ரூட். அதான் நான் இங்க வந்துட்டேன். ஷிஃப்ட் எல்லாம் ஒண்ணும் இல்ல. அப்பா உள்ள தண்ணில இருக்கார், நான் வெளில பஸ்ல போறேன்… டெய்லி… எப்படிம்மா?"

"மீட்டிங்ல அவ்வளவு நன்னாப் பேசினியே?"

"எழுதி வெச்சுப் படிச்சேன். அப்பாக்குப் பிடிக்கும்னு. நீ முன்னாடி உக்காந்துண்டு இருந்தே, அழவே இல்ல. நீயே இவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கியே, நான் மட்டும் எப்படி சொல்றது? யாரும் என்னைக் கேக்கவும் இல்ல."

இரண்டு பேர் ஒரே வீட்டில் ஆறு மாசம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பார்த்துத் தைரியமாக இருந்திருக்கிறார்கள். அம்மா அழவில்லையே என்று மகள் அழவில்லை, பெண் கலங்கவில்லையே என்று தாய் கலங்கவில்லை. இதைவிட ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டா? விசாலாக்ஷிக்குத் தன் மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. அப்புறம் அவர் மேல் வந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அது நிஜமான ஆத்திரமாக, காது மடல் சுடுகிற மாதிரி வந்தது.

தாளை மடித்தாள். நூறு பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாள். பாவம்தான். மூன்று பேர் போகிறார்கள், முப்பத்து மூன்று பிள்ளைக்கு ஒருவர் என்று வைத்துப் படித்துக்கொள்ளட்டும். ஹரிபிரசாத்தின் மலரில் இரண்டு பக்கம் காலியாகப் போனாலும் போகட்டும். கிருஷ்ணஸ்வாமி வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றால் அவரையும் வாசலிலேயே நிறுத்தி டீ கொடுத்து அனுப்பிவிடலாம். மந்திரம் வேண்டாம், அவர் கேட்காததைச் செய்ய அவளுக்கு உத்தேசம் இல்லை. மின்மயானத்துக்கு இரண்டு பேர் போதும்.

"எனக்கும்" என்றாள் விசாலாக்ஷி.

சுப்ரஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கும் இருக்கு ஆட்சேபம். திங்கட்கிழமை லீவு போடு. ரெண்டு பேருமாப் போய் அழைச்சுண்டு வந்துடலாம். ஒரு அரை மணியாவது கூடத்துல வெச்சுக்கலாம்."

சுப்ரஜா எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து, அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. விசாலாக்ஷி அவள் தலையில் கை வைத்தாள். புடவை நனைவது முழங்காலில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பெண்ணின் தலைமயிரில் சொட்டுவது தன் கண்ணிலிருந்துதான் என்றும் தெரிந்தது.

"அப்பா கோவிச்சுப்பாராம்மா?" என்று மடியில் இருந்தபடியே கேட்டாள் சுப்ரஜா.

"கோவிச்சுக்கட்டும்" என்றாள் விசாலாக்ஷி. "ஆத்துக்கு வந்து கோவிச்சுக்கட்டும்."